கோளி கூவும் ஊரிலிருந்து ழகரத்தின் வரலாறு

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் பஸ் ஏறினால் கண்டக்டர் "சுளி, சுளி" என்றுதான் கூப்பிடுவார். டிக்கெட் கேட்பவர்களும் "சுளி ஒண்ணு" என்பார்கள். ஊர்ப் பலகையில் தமிழில் 'திருச்சுழி'. அதற்குக் கீழே ஆங்கிலத்தில் பார்த்தால் ழகரம் இல்லை, 'எல்' போட்டு 'திருச்சுலி' என்று இருக்கிறது. ஆக ஒரே ஊருக்குப் பலகையில் ஒரு மெய், வாயில் ஒரு மெய், ஆங்கிலத்தில் இன்னொரு மெய்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அந்த ஊரின் கதையே அந்த எழுத்தில்தான் இருக்கிறது. பிரளய வெள்ளத்தைச் சிவபெருமான் தரையில் ஒரு சுழியாகச் சுழித்து உள்ளே இறக்கினார் என்பது தலபுராணம். சுந்தரர் தேவாரத்தில் ஊரின் பெயர் திருச்சுழியல். ரமண மகரிஷி 1879-இல் பிறந்த ஊர் என்று உலகத்துக்கே தெரியும். சுழி என்றால் நீர்ச்சுழல். சுளி என்றால் முகம் சுளிப்பது. நாங்கள் தினமும் ஒரு புண்ணியத் தலத்தை முகம் சுளிக்க வைத்துக்கொண்டிருக்கிறோம் :-)

நான் குமாரலிங்கபுரத்துக்காரன். ஊர்ப் பெயரில் ழகரம் இல்லை, தப்பித்தோம். ஆனால் எங்கள் வாழ்க்கை முழுக்க அதுதான். மழை, உழவு, புழுதி, கூழ், குழி, கிழங்கு, கோழி. மானாவாரிக் காட்டில் இந்த ஏழு சொல் இல்லாமல் (ஏழு என்பதும் ழகரம்தான்!) ஒரு நாள் பேச முடியாது. அத்தனையையும் நாங்கள் ளகரத்தில்தான் பேசுகிறோம். மள பேஞ்சா உளவு, வெளஞ்சா கூளு.

ஏழாம் வகுப்பில் 'எங்கள் ஊர்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். "எங்கள் ஊரில் பெரும்பாலானோர் உளவுத் தொழில் செய்கிறார்கள்" என்று எழுதினேன். ஊர் முழுக்க ஒற்றர்கள் என்று அர்த்தம். ஆசிரியர் அதைச் சத்தமாக வாசித்துக் காட்ட, வகுப்பே சிரித்தது. எனக்கு அன்று அழுகையை விடக் குழப்பம்தான் அதிகம். சிரித்த முப்பது பேரும் "உளவு" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாசித்துக் காட்டியவரும் ஏறக்குறைய அப்படித்தான் வாசித்தார்! பிறகு நான் மட்டும் எப்படித் தப்பு செய்தவன் ஆனேன்?

அந்தக் கேள்விக்கு இத்தனை வருஷம் கழித்து நான் தேடிய பதில்தான் இந்தக் கட்டுரை. தேடப் போனால் அது அசோகர் கல்வெட்டு வரைக்கும், அந்தப் பக்கம் ஸ்பெயின் வரைக்கும் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

வாய்க்குள் என்ன நடக்கிறது?

முதலில் ஒரு சின்னப் பரிசோதனை. 'ள்' என்று சொல்லி, நாக்கை அப்படியே அசைக்காமல் நிறுத்திக்கொண்டு, மூச்சை உள்ளே இழுங்கள். நாக்கின் இரண்டு பக்கமும் சில்லென்று இருக்கும். நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொட்டு நடுவழியை அடைத்துவிட்டதால் காற்று பக்கவாட்டில் போகிறது. இதனால் இதை 'மருங்கொலி' என்கிறார்கள். லகரமும் இந்த இனம்தான்.

இப்போது 'ழ்' (வந்தால்!). நாக்கு நுனி பின்னால் வளைகிறது, அண்ணத்தை நெருங்குகிறது, ஆனால் அடைக்காது. மூச்சை இழுத்தால் நாக்கின் நடுவில் சில்லென்று இருக்கும். அதாவது காற்று நடுவழியாகப் போகிறது. 1999-இல் ஸ்ரீகாந்த் நாராயணன், டேனி பைர்ட், அபிகெயில் கான் ஆகிய மூவர் தமிழின் ரகர, லகர வகை ஒலிகள் ஐந்தைப் பேசும்போது நாக்கு எப்படி இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. படம் எடுத்தே ஆராய்ந்தார்கள். இன்று ஒலியியல்காரர்கள் ழகரத்தை ரகர வகை ஒலியாகத்தான் வைக்கிறார்கள். அமெரிக்கர்கள் 'கார்' என்று சொல்லும்போது கடைசியில் நாக்கைச் சுருட்டுவார்களே, அது ழகரத்துக்கு நெருங்கிய சொந்தம். சீன மாண்டரின் மொழியிலும் இதையொத்த ஒலி உண்டு. மலையாளத்தில் ழகரம் அப்படியே உயிரோடு இருக்கிறது. ஆகவே 'உலகிலேயே தமிழில் மட்டும்தான்' என்று மேடையில் சொல்வது உண்மையில்லை. அரிய ஒலி என்று சொன்னால் போதும், அதுவே பெருமைதான்.

இதில் என்னை அசத்தியது வேறு. தொல்காப்பியர் பிறப்பியலில் இதே கணக்கைப் போட்டு வைத்திருக்கிறார். ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே சூத்திரத்தில் சேர்க்கிறார்: நாக்கு நுனி மேலே வளைந்து அண்ணத்தை வருடினால் இரண்டும் பிறக்கும். லகரத்துக்கும் ளகரத்துக்கும் தனிச் சூத்திரம்: அங்கே வேலை செய்வது நாக்கின் விளிம்பு. நடுவழி ஒலி ஒரு பக்கம், பக்கவழி ஒலி ஒரு பக்கம்! எம்.ஆர்.ஐ. இல்லாமல், நாக்கையும் காதையும் மட்டும் வைத்துக்கொண்டு எழுதியது.

நாம் பள்ளிக்கூடத்தில் "மூன்று ல" என்று சேர்த்துச் சொல்கிறோம். தொல்காப்பியர் கணக்கில் அது தப்பு. இரண்டு ல, ஒரு ழ.

வெளியூர்க்காரர் காதில் விழுந்தது

நம் வாயில் ழகரம் எப்படி ஒலித்தது என்று பழங்காலத்து ஒலிப்பதிவு எதுவும் கிடையாது. ஆனால் வெளியூர்க்காரர்கள் கேட்டு எழுதி வைத்தது இருக்கிறது. தன் மொழியில் இல்லாத ஓர் ஒலியைக் கேட்டால் எவரும் பக்கத்தில் இருக்கும் எழுத்தைத்தானே போடுவார்? அதைப் பார்த்தால் ஒரு துப்பறியும் கதை போல இருக்கிறது.

'சோழ' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம்.

கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகரின் பாறைக் கல்வெட்டுகள் தெற்கே உள்ள சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் பெயர்களைச் சொல்கின்றன. கிர்னார் கல்வெட்டில் சோழர் 'சோட' என்று இருக்கிறார்கள். ழகரம் டகரமாகக் கேட்டிருக்கிறது.

கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி கிரேக்கத்தில் எழுதிய புவியியலில் அதுவே 'சோர'. இங்கே ரகரம்.

வடமொழி நூல்களில் 'சோள' அல்லது 'சோல'. இங்கே ளகர லகரம்.

பிறகு போர்ச்சுகீசியர்கள் வந்து சோழமண்டலக் கரையை 'சோரமண்டல்' போல எழுதினார்கள். அதுதான் கோரமண்டல் ஆனது. மறுபடி ரகரம். அந்தப் பெயரில் ஒரு ஆங்கிலேயக் கப்பல் 1820-இல் நியூசிலாந்து போய் நின்றது. அது நின்ற இடத்துக்கு இன்றும் கோரமண்டல் தீபகற்பம் என்றுதான் பெயர். நம் ழகரம் ரகர வேஷத்தில் பசிபிக் கடல் வரை போய்விட்டது.

'தமிழ்' என்ற சொல்லுக்கும் இதே மூன்று கதி. பாலி மொழியில், இலங்கையின் மகாவம்சத்தில், 'தமிள'. பழைய ரோமானிய வழிப்படத்தின் பிரதியில் நம் நாடு 'டமிரிகே'. வடமொழியில் 'திரமிட', 'திராவிட' (இதுவும் 'தமிழ்' என்பதன் திரிபே என்பது அறிஞர்கள் பலர் ஒப்பும் கருத்து). ள, ர, ட. அதே மூன்று பேர்!

மூன்று வெவ்வேறு காதுகள் மூன்று வெவ்வேறு எழுத்தைப் போட்டிருந்தால் என்ன அர்த்தம்? அந்த ஒலி இந்த மூன்றில் எதுவுமே இல்லை, மூன்றுக்கும் நடுவில் எங்கோ இருந்தது என்றுதானே. நாக்கு வளைவதில் டகரம் போல, நடுவழியாகக் காற்று போவதில் ரகரம் போல, காதுக்கு இழைவாகக் கேட்பதில் ளகரம் போல.

ஆங்கிலேயர் காலத்தில் இன்னும் கூத்து. கோழிக்கோடு காலிகட் ஆனது, பழவேற்காடு புலிகாட் ஆனது, விழுப்புரம் வில்லுபுரம் ஆனது. எழும்பூர் எப்படி 'எக்மோர்' ஆனது என்பதை யோசித்தால் தலை சுற்றும். நம் பக்கத்தில் கழுகுமலை, கீழக்கரை எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் 'எல்'தான். 2020 ஜூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப் பெயர்களை ஆங்கிலத்திலும் தமிழ் உச்சரிப்புப்படி எழுத வேண்டும் என்று அரசாணை வெளியிட்டது. எழுத்துக்கூட்டல் பற்றிப் பலரும் கேள்வி எழுப்ப, சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. ழகரத்துக்கு 'இசட் எச்' போடுவதா, 'எல்' போடுவதா என்ற சண்டை அவ்வளவு லேசில் தீராது. 'இசட் எச்' போட்டால் வடக்கே இருப்பவர்கள் யாழினியை 'யாஜினி' ஆக்குவார்கள், 'எல்' போட்டால் யாலினி ஆவாள்.

கல்லில் இருக்கிறது, வாயில் இல்லை

எங்கள் பக்கத்தில் ழகரம் எப்போதுமே இல்லையோ என்று ஒரு சந்தேகம் எனக்கு இருந்தது. அதைத் தீர்த்தது மாங்குளம்.

மதுரை மேலூர்ப் பக்கம் இருக்கும் மாங்குளம் குன்றில் 1882-இல் ராபர்ட் சீவெல் கண்டறிந்த தமிழ்பிராமிக் கல்வெட்டுகள், இதுவரை கிடைத்த மிகப் பழைய தமிழ்க் கல்வெட்டுகளில் சேர்ந்தவை. ஐராவதம் மகாதேவன் அவற்றைக் கி.மு. 2-ஆம் நூற்றாண்டு என்று வைத்தார். அதில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் 'நெடுஞ்சழியன்' என்று வெட்டப்பட்டிருக்கிறது. தெளிவாக ழகரம்.

இதில் ஒரு முக்கியமான விஷயம். அசோகரின் பிராமி எழுத்தில் ழகரம் கிடையாது, தேவைப்படவும் இல்லை. தமிழை எழுத உட்கார்ந்தபோது ழ, ள, ற, ன ஆகிய நான்குக்கும் தனி எழுத்து உண்டாக்கிக்கொண்டார்கள். இருக்கிற ளகரத்தையோ டகரத்தையோ போட்டு ஒப்பேற்றவில்லை. வேலை மெனக்கெட்டு ஒரு புது எழுத்து உண்டாக்க வேண்டுமென்றால், அந்த வேறுபாடு அவர்கள் காதில் கணீரென்று விழுந்திருக்க வேண்டும்.

பாண்டியர்களின் பெயர்களைப் பாருங்கள்: செழியன், வழுதி. இரண்டிலும் ழகரம். அந்தப் பாண்டிய நாட்டின் வறண்ட மூலையில் உட்கார்ந்துகொண்டு நாங்கள் இன்று 'செளியன்' என்கிறோம். ஆக ஒரு காலத்தில் இருந்து, பிறகுதான் போயிருக்கிறது.

எப்போது போனது? தேதி போட்டுச் சொல்ல முடியாது. ஒலி ஒரே நாளில் சாவதில்லை. ஆனால் 'இந்த வருஷத்துக்குள் போய்விட்டது' என்று சொல்ல ஒரு நல்ல சாட்சி இருக்கிறார்: கால்டுவெல். அவர் 1841-லிருந்து திருநெல்வேலிச் சீமையில் இடையன்குடியில் இருந்தவர். 1856-இல் வெளிவந்த அவருடைய திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தில் ழகரத்தைப் பற்றி எழுதும்போது, தென் மாவட்டங்களில் பொதுமக்கள் அதை ளகரமாகவே சொல்கிறார்கள் என்கிறார். தஞ்சாவூருக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட பகுதியில் அது மென்மையாகி வேறு மாதிரி ஒலிப்பதையும், சென்னைப் பக்கம் யகரமாகவோ இல்லாமலோ போவதையும் கூடக் குறிக்கிறார்.

சென்னையில் பழைய ஆட்கள் கோழியைக் 'கோயி' என்பதும், பழம் 'பயம்' ஆவதும், இழுத்து 'இஸ்து' ஆவதும் அப்போதே தொடங்கிவிட்ட கதை! ஆக எங்கள் அப்பத்தாவின் அப்பத்தா காலத்திலேயே எங்கள் ஊரில் 'மள'தான் பெய்திருக்கிறது. டிவியும் இங்கிலீஷ் மீடியமும் வந்து ழகரத்தைக் கெடுத்துவிட்டன என்கிறவர்கள் கவனிக்கவும். டிவிக்கு நூறு வருஷம் முன்னாலேயே கதை முடிந்துவிட்டது.

பக்கத்து வீட்டுக் கதை

அருப்புக்கோட்டைக்காரர்களுக்கு இந்த வரலாற்றைப் படிக்கப் புத்தகமே வேண்டாம், தெருவில் நடந்தால் போதும். நெசவுத் தெருக்களில் வீட்டுக்குள் கன்னடம் பேசும் தேவாங்கர்கள் இருக்கிறார்கள். சுற்றுப்பட்டு கிராமங்களில் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் ஏராளம். மூன்று வீட்டிலும் கோழியின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். எழுத்துத் தமிழில் கோழி. கன்னடத்தில் கோளி. தெலுங்கில் கோடி. ஏழு என்ற எண்ணைக் கேளுங்கள். தமிழில் ஏழு, கன்னடத்தில் ஏளு, தெலுங்கில் ஏடு. அசோகரும் பாலி மொழிக்காரர்களும் பட்ட பாட்டை இந்த மொழிகளும் பட்டிருக்கின்றன!

இந்த இரண்டு மொழிகளிலும் ஒரு காலத்தில் ழகரம் இருந்தது. பழங்கன்னடத்தில் அதற்குத் தனி எழுத்தே இருந்தது. பழைய தெலுங்குக் கல்வெட்டுகளிலும் இருந்தது. பேச்சில் ஒலி போனது, பின்னாலேயே எழுத்தும் போனது. இன்று கன்னட, தெலுங்கு அரிச்சுவடிகளில் அந்த எழுத்து இல்லை.

இதில் ஒரு சோகமான நகைச்சுவையும் உண்டு. கணினிக்கான யுனிகோடு தரத்தில் பழங்கன்னட ழகரத்தைச் சேர்த்தபோது அதற்கு 'ஃப' என்ற ஒலிக்கான எழுத்து என்று தவறாகப் பெயர் வைத்துவிட்டார்கள். யுனிகோடில் ஒருமுறை வைத்த பெயரை மாற்றக் கூடாது என்பது விதி. அதனால் திருத்தப் பெயர் ஒன்றைப் பக்கத்தில் சேர்த்துவிட்டு, தப்பான பெயர் அப்படியே நிற்கிறது. பழைய தெலுங்கு ழகரம் 2014-இல்தான் யுனிகோடுக்குள் வந்தது. பேசுவாரற்றுப் போன எழுத்துக்கு இதுதான் கதி, பெயர் சொல்லக்கூட ஆள் இருப்பதில்லை.

தமிழில் மட்டும் என்ன வித்தியாசம்? இங்கே பாதி நாட்டில் ஒலி போனது, ஆனால் எழுத்து போகவில்லை. ஏட்டுத் தமிழ் பிடிவாதமாக அதை வைத்துக்கொண்டது. அதனால்தான் என்னால் 'உளவு' என்று தப்பாக எழுத முடிந்தது. கன்னடப் பையனுக்கு அந்தத் தப்பைச் செய்யும் வாய்ப்பே கிடையாது!

ஸ்பெயினிலும் ஒரு கோழி

என் விடுதித் தோழன் ஒருவன் மொபைலில் ஸ்பானிஷ் படிக்கிறான். ஒருநாள் வந்து, "இவங்க கோழிக்கு ரெண்டு 'எல்' போட்டு எழுதிட்டு 'போயோ'ங்கிறாங்கடா" என்று புலம்பினான். எனக்குக் காது நிமிர்ந்தது. அந்தக் கதையைப் போய்ப் படித்தேன்.

ஸ்பானிஷில் இரண்டு 'எல்' சேர்த்து எழுதும் எழுத்துக்கு ஒரு தனி ஒலி இருந்தது. ஞகரம் சொல்லும்போது நடு நாக்கு அண்ணத்தில் ஒட்டுமே, அதே இடம். ஆனால் மூக்குக்குப் பதிலாகக் காற்று நாக்கின் இரு பக்கமும் போக வேண்டும். நம் காதுக்கு 'ல்ய' போலக் கேட்கும். கோழி 'போல்யோ'. உலக மொழிகளில் அடிக்கடி காண முடியாத ஒலி, நம் ழகரம் மாதிரி.

சில நூற்றாண்டுகளாக அது மெல்ல மெல்ல யகரத்தோடு கலந்துவிட்டது. இன்று ஸ்பானிஷ் பேசுபவர்களில் மிகப் பெரும்பாலோருக்குக் கோழி 'போயோ'தான். பியூனஸ் அயர்ஸ் போனால் அதுவும் மாறி 'போஷோ'. பழைய ஒலி பொலிவியா, பராகுவே, ஆண்டிஸ் மலைப் பகுதிகள், ஸ்பெயினின் வடக்கே சில கிராமங்கள் என்று ஒதுங்கிக்கொண்டது. ஆண்டிஸ் பகுதியில் கெச்சுவா, அய்மாரா என்ற பூர்வகுடி மொழிகளிலும் அதே ஒலி இருப்பது அதைத் தாங்கிப் பிடித்திருக்கலாம் என்கிறார்கள். மலையாளத்தை ஒட்டிய கன்னியாகுமரி மாவட்டத்தில் ழகரம் இன்னும் நன்றாக ஒலிப்பதை இதோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது.

அவர்களுக்கும் நம்மைப் போலவே சொல் குழப்பம் உண்டு. 'கல்யோ' என்றால் பேசாமல் ஆனான். 'கயோ' என்றால் விழுந்தான். இன்று பலர் வாயில் இரண்டும் ஒன்று. எங்கள் ஊரிலும் விழுந்தவன்தான் மாட்டிக்கொண்டான்! விழுந்துவிட்டான் என்பது 'உளுந்துட்டான்' ஆகி, உளுந்தம் பருப்போடு சேர்ந்துவிட்டது. ஆனால் எங்கள் ஊரில் எவரும் "மாடு பள்ளத்துல உளுந்துருச்சு" என்று கேட்டு இட்லிக்கு அரிசி ஊறப் போட்டதில்லை. இடம் பொருள் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். ஸ்பெயின்காரர்களும் அப்படித்தான்.

ஒரே ஒரு பெரிய வித்தியாசம், அதைத்தான் சொல்ல வந்தேன். அங்கே கலந்து பேசுவது இழிவு என்ற நிலை மாறிவிட்டது. செய்தி வாசிப்பவரும் பேராசிரியரும் 'போயோ' என்கிறார்கள். 1994-இல் ஸ்பானிஷ் மொழிக் கழகங்கள் கூடி, அகராதியில் அந்த இரட்டை எழுத்துக்குத் தனி இடம் வேண்டாம் என்று முடிவு செய்தன. 2010-இல் அரிச்சுவடியிலிருந்தே எடுத்துவிட்டு மொத்தம் 27 எழுத்து என்று அறிவித்தன. ஆனால் கோழியை எழுதும்போது இரண்டு 'எல்' போடுவது அப்படியே தொடர்கிறது. குழந்தைகள் அங்கும் எழுத்துப்பிழை விடுகிறார்கள். ஆசிரியர் திருத்துகிறார். உன் நாக்கு சரியில்லை என்று சொல்வதில்லை.

ஏன் போனது?

கன்னடமும் தெலுங்கும் பேசுபவர்கள் இங்கே வந்ததால் ழகரம் போனது என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் யாழ்ப்பாணத் தமிழிலும் ழகரம் பேச்சில் ளகரமாகத்தான் ஒலிக்கிறது. அங்கே எந்தக் கன்னட நெசவாளர் போனார்? ஆகவே அக்கம்பக்கத்து மொழியை மட்டும் காரணமாகச் சொல்வது நிற்காது.

எனக்குப் பொருந்துவதாகத் தோன்றும் காரணம் எளிமையானது. ழகரத்துக்கும் ளகரத்துக்கும் காதில் இடைவெளி கொஞ்சம்தான். இரண்டையும் பிரித்துச் சொன்னால் மட்டுமே பொருள் புரியும் சொல் ஜோடிகளும் அதிகமில்லை. உழவு - உளவு, கிழி - கிளி, ஒழி - ஒளி, அழி - அளி, வாழை - வாளை, குழவி - குளவி என்று ஒரு பட்டியல் போடலாம். ஆனால் இவற்றில் இரண்டுமே கிராமத்துப் பேச்சில் புழங்கும் ஜோடி எத்தனை? குழந்தையைக் குழவி என்று எங்கள் ஊரில் யார் சொல்கிறார்கள்? அளி என்று யார் பேசுகிறார்கள்? கொடு என்போம். பிரித்துச் சொல்லும் தேவை குறைந்தால் நாக்கு சுலபமான வழியில் போய்விடும். அது சோம்பேறித்தனம் இல்லை. உலகத்தில் எல்லா மொழியும் மாறுவது இப்படித்தான்.

சரி, யார் சுத்தம்?

இப்போது என் ஏழாம் வகுப்புக் கேள்விக்கு வருகிறேன்.

ழகரத்தைச் சரியாகச் சொல்பவர் ஒருவரைக் கூப்பிட்டு, 'மரம்', 'மறம்' என்று சொல்லச் சொல்லுங்கள். பிறகு 'அரை', 'அறை'. தமிழ்நாட்டில் பெரும்பாலோர் வாயில் இரண்டும் ஒன்றாகத்தான் வரும் (குமரி மாவட்டத்துக்காரர்களை விட்டுவிடுங்கள், அவர்கள் இதிலும் கெட்டிக்காரர்கள்). ந, ன இரண்டையும் சொல்லச் சொல்லுங்கள். தந்நகரம், றன்னகரம் என்று பெயர் சொல்லத் தெரியும், ஒலியில் பிரிக்கத் தெரியாது. தமிழ்பிராமியில் ழகரத்தோடு சேர்த்துப் புதிதாக உண்டாக்கிய நான்கு எழுத்துகளை நினைவிருக்கிறதா? ழ, ள, ற, ன. அந்த நாலில் றகரத்தையும் னகரத்தையும் நாடே சேர்ந்து தொலைத்தது. அதற்காக எவரும் எவரையும் வகுப்பில் எழுப்பி நிறுத்திச் சிரிப்பதில்லை. எல்லோரும் சேர்ந்து தொலைத்தால் அது இலக்கணம், நாலு மாவட்டக்காரன் தொலைத்தால் கொச்சை.

றகரம் எங்கே வரும் என்று எல்லாப் பிள்ளைகளும் மனப்பாடம் செய்துதான் எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ழகரமும் அந்தப் பட்டியலில் கூடுதலாகச் சேருகிறது, அவ்வளவுதான். காதை நம்பி எழுத முடியாத பிள்ளையிடம் "நல்லா உச்சரிச்சுப் பாத்து எழுது" என்று சொல்வது, பள்ளமான இடத்தில் நிற்பவனை "எட்டிப் பார்" என்று சொல்வது போல. பதிலாக 'உழவு, உழவன், உழுதான் எல்லாம் ஒரு குடும்பம், எல்லாவற்றுக்கும் ழகரம்' என்று குடும்பம் குடும்பமாகச் சொல்லிக் கொடுத்திருந்தால் நான் ஒரு தடவையில் கற்றிருப்பேன்.

வெட்கப்படுத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. திட்டு வாங்கிய பிள்ளை பயத்தில் எல்லா ளகரத்தையும் ழகரமாக்கிவிடும். 'பழ்ளிக்கூடம்', 'அவர்கழ்', 'வெழ்ளை'. மேடைப் பேச்சுகளில் இதைக் கேட்டிருப்பீர்கள். ழகரத்தைக் காப்பாற்றப் போய் ளகரத்தைக் கொன்ற கதை.

இப்படியெல்லாம் எழுதியதால் ழகரம் வேண்டாம் என்கிறேன் என்று நினைக்க வேண்டாம். நான் இப்போது ஓரளவு சொல்லக் கற்றுக்கொண்டேன். கண்ணாடி முன் நின்று, மேலே சொன்ன மூச்சுப் பரிசோதனை செய்து, இரண்டு மாதம் ஆனது. எழுத்தைப் பார்த்து வாசிக்கும்போது வருகிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் கல்லிலும் ஓலையிலும் தாங்கி வந்த ஒலி ஒன்று என் நாக்கில் வருவது சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லத் தெரியாத என் ஊர் தமிழில் குறைந்த ஊர் என்று யாராவது சொன்னால் அதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது அப்பத்தாவிடம் 'மழை', 'மளை' என்று இரண்டு விதமாகவும் சொல்லிக் காட்டி, "ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியுதா அப்பத்தா?" என்று கேட்டேன். திருப்பிச் சொல்லச் சொன்னது. மூன்றாம் தடவையும் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மேற்கே வானத்தைப் பார்த்துச் சொன்னது:

"எதுவா இருந்தா என்னய்யா, பேஞ்சாச் சரி."